கடல்கட்டியும் தலைமைப் பயிற்சியாளரும்: ஓர் ஒப்பாய்வு

0. சிக்கல்

தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு ஹாக்கி அணி, பருவத்தின் நடுவில் தன் தலைமைப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்புகிறது. மைதானத்தில் தோற்றவர்கள் பதினோரு பேர். பெட்டி கட்டியது பன்னிரண்டாவது ஆள். இந்தக் கணக்கு எப்படி நேராகிறது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கல்.

முதலில் தொல்காப்பியத்தைப் புரட்டினேன். ஆநிரை கவர வெட்சி, மண் கவர வஞ்சி, மதிலை வளைக்க உழிஞை, எதிரெதிர் நின்று பொர தும்பை, வென்றால் வாகை. ஐந்து ஆட்டம் வரிசையாகத் தோற்றபின் படைத்தலைவரை மாற்றுவதற்குத் திணையும் இல்லை, துறையும் இல்லை. முன்னோர் விட்ட இடத்தில்தானே பின்னோர் ஆய்வு தொடங்க வேண்டும்? தொடங்கினேன்.

ஆய்வு எல்லை தூத்துக்குடி மாவட்டம். இங்கே வடக்கே கோவில்பட்டி இருக்கிறது. தீப்பெட்டி, 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாய், ஹாக்கி ஆகிய மூன்றையும் ஒரே கரிசலில் விளைவிக்கும் ஊர். 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த மண்ணைச் சேர்ந்தவர். தெற்கே முத்துக்குளித்துறை இருக்கிறது. இரண்டையும் சேர்த்து யாரும் இதுவரை ஆய்ந்ததாகத் தெரியவில்லை. ஏன் ஆயவில்லை என்பது போகப்போக வாசகருக்கே விளங்கும்.

கள உதவி: என் மச்சினன். தகுதி: சொந்த பைக்.

1. கடல்கட்டி யார்?

முத்துக் குளிப்பவருக்குப் பெரும் பயம் சுறா. அந்தச் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி முத்துச் சலாபத்துக்கு, அதாவது முத்துக்குளிப்புக்கு, ஒருவர் வருவார். அவர்தான் கடல்கட்டி. கரையில் நின்றோ படகில் இருந்தோ மந்திரம் சொல்வார். தண்ணீரில் இறங்க மாட்டார்.

13-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இத்தகைய மந்திரக்காரரின் சம்பளத்தையே எழுதி வைத்திருக்கிறார். எடுக்கும் முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு. மந்திரம் பகலுக்கு மட்டும் செல்லும். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார். இல்லையென்றால் ராத்திரி திருட்டு முத்து எடுக்க வருகிறவனுக்கும் சுறா வழிவிட்டுவிடுமே! ஒப்பந்தத்தில் சொல்லாத நேரத்துக்கு ஒரு நிமிடமும் உழைக்காத முதல் தொழில்முறை ஆலோசகர் இவரே என இவ்வாய்வாளர் துணிகிறார்.

அதற்கு ஆறு நூற்றாண்டு கழித்து, இலங்கைக் காலனி அரசின் செயலராக இருந்த எமர்சன் டென்னன்ட் 1859-ல் வெளியிட்ட நூலில் மன்னார் வளைகுடாச் சலாபத்தின் கடல்கட்டியைப் பற்றிச் சொல்கிறார். வேலை பரம்பரை வேலை. அப்போதைய குடும்பத் தலைவர் கத்தோலிக்கர். மந்திரம் பலிப்பதற்கும் மந்திரிப்பவர் எந்த மதம் என்பதற்கும் சம்பந்தமில்லை என்பது குளிப்பவர்களின் நம்பிக்கை. டென்னன்ட் போன சமயம் பார்த்து அந்தக் கடல்கட்டிக்கு உடம்பு சரியில்லை. தனக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பியிருந்தார். வந்தவர் தனக்கு மந்திரம் தெரியாது என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஆனாலும் மேலிடத்தின் பிரதிநிதியாகத் தான் வந்து நிற்பதே போதும், சுறாக்கள் அதற்கு மரியாதை கொடுக்கும் என்றாராம்.

ஹாக்கி உலகில் இவருக்கு இடைக்காலப் பயிற்சியாளர் என்று பெயர்.

2. ஒப்புமைகள்

இருவரும் களத்தில் இறங்குவதில்லை. இருவரும் ஓரத்தில் நின்று, உள்ளே இருப்பவருக்குச் சரியாகக் கேட்காத மொழியில் சத்தம் போடுகிறார்கள். சுறா வராவிட்டால் மந்திரம் பலித்தது. வந்தால் மந்திரக்காரர் சரியில்லை. வந்த சுறாவை யாரும் விசாரிப்பதில்லை.

கடல்கட்டிக்கு மதம் முக்கியமில்லாததுபோலத் தலைமைப் பயிற்சியாளருக்கு நாடு முக்கியமில்லை. இந்திய ஆண்கள் அணிக்கு 2004 முதல் ஜெர்மனி, ஸ்பெயின், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா எனப் பல தேசத்துக் கடல்கட்டிகள் வந்து ஓதியிருக்கிறார்கள்.

3. தரவு

ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நமக்கே ஒரு தொழில்முறை அணி உண்டு. ஆனால் அந்த லீக் ஆய்வுக்கு உதவாது. 2024 டிசம்பர் 28-ல் தொடங்கிய பருவம் 2025 பிப்ரவரி 1-ல் முடிந்துவிட்டது. நடுப்பருவம் எது என்று காலண்டரில் விரல் வைப்பதற்குள் கோப்பையைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே தேசிய அணியைத் தரவாகக் கொண்டேன். அங்கே தரவுக்குப் பஞ்சமே இல்லை.

ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருக்கும்போது, 2004-ல் ராஜிந்தர் சிங்கை எடுத்துவிட்டு ஜெர்மனியின் கெர்ஹார்ட் ராக்கைக் கொண்டுவந்தார்கள். முகூர்த்தப் பந்தலில் மாப்பிள்ளையை மாற்றியதுபோல. இந்தியா ஏழாமிடம். பிறகு 2009 முதல் 2023 வரை பிராசா, நாப்ஸ், வால்ஷ், வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ், மரைனே, ஹரேந்திர சிங், ரீட், ஃபுல்டன் என ஒன்பது பேர். இடையிடையே நாற்காலி சூடு ஆறாமல் பார்த்துக்கொண்டவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. வான் ஆஸ் 2015 ஜனவரியில் வந்தார், ஜூலையில் போய்விட்டார்.

இந்தப் பட்டியலின் முத்து 2017–18. செப்டம்பர் 2017-ல் ஓல்ட்மன்ஸ் நீக்கப்பட்டார். பெண்கள் அணியைப் பார்த்துக்கொண்டிருந்த மரைனே ஆண்கள் அணிக்கு வந்தார். அடுத்த மாதமே டாக்காவில் ஆசியக் கோப்பை! சுறா திரும்பிப் போயிற்று, மந்திரம் பலித்தது. 2018 ஏப்ரலில் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டி. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் இங்கிலாந்திடம் தோற்று ஆண்கள் நான்காமிடம். ஹரேந்திர சிங்கின் பயிற்சியில் இருந்த பெண்களும் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அதே இங்கிலாந்திடம் தோற்று அதே நான்காமிடம்.

தீர்வு என்ன? மே மாதம் இருவரையும் இடம் மாற்றினார்கள். பள்ளிக்கூட வாத்தியார்கள் மனமொத்த மாறுதல் வாங்குவதுபோல, அவர் இங்கே, இவர் அங்கே. நான்கை நான்கால் மாற்றினால் மூன்று வரும் என்னும் இக்கணிதத்தை இராமானுஜன் ஏனோ தொடவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் புவனேஸ்வர் உலகக் கோப்பைக் காலிறுதியில் ஆண்கள் நெதர்லாந்திடம் 1–2 எனத் தோற்றார்கள். 2019 ஜனவரியில் ஹரேந்திர சிங்கும் போனார்.

4. முன்னாய்வுகள்

இந்தப் பொருளில் நிஜமான அறிஞர்களும் உழைத்திருக்கிறார்கள் என்பது இவ்வாய்வாளருக்கு முதலில் ஏமாற்றம் தந்தது. கேம்சன், ஸ்காட்ச் என்னும் இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1964-லேயே பேஸ்பால் அணிகளை வைத்து இதை எழுதிவிட்டார்கள். மேனேஜரை மாற்றுவது ஒரு சடங்கு, ஊர்ப் பாவத்தை ஒரு கிடாயின் தலையில் ஏற்றி விரட்டுவது என்பது அவர்கள் கட்சி. நெதர்லாந்துக் கால்பந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையான ஆட்டங்களைப் பாஸ் டெர் வேல் என்ற பொருளாதார அறிஞர் அலசினார். பயிற்சியாளரை நீக்கிய அணிகள் பிறகு தேறின. அதே அளவு சரிந்தும் யாரையும் நீக்காத அணிகளும் ஏறக்குறைய அப்படியே தேறின.

காரணம் பெரிய இரகசியமில்லை. ஒருவரை எப்போது நீக்குகிறோம்? அணி அடிமட்டத்தில் கிடக்கும்போது. அதற்குக் கீழே போக இடமில்லாதபோது அடுத்த அசைவு பெரும்பாலும் மேல்நோக்கித்தான் இருக்கும். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கித் திரும்புவதை வைத்துக் கால்டன் 1886-ல் இதை விளக்கிவிட்டார்.

கடற்கரையாருக்குக் கால்டன் தேவையில்லை. அவர்களுக்குப் பார் தெரியும். கடலடியில் சிப்பி படியும் திட்டுக்குப் பார் என்று பெயர். தொலையாயிரம் பார் போல ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரும் உண்டு. சில ஆண்டு பாரில் சிப்பி கொட்டிக் கிடக்கும். பிறகு பல ஆண்டு வெறும் பாறைதான். தூத்துக்குடியில் 1928-க்குப் பின் சலாபம் கூட 1955 ஆயிற்று. 1961-உடன் அதுவும் நின்றது. வெறும் பாரில் யார் ஓதினாலும் முத்து வராது. சிப்பி படிந்த ஆண்டில் வந்து நின்ற கடல்கட்டி மகாமந்திரவாதி.

5. எதிர்வாதமும் மறுப்பும்

எதிர்க்கட்சிக்காரர் சும்மா இருக்க மாட்டார். அவர் கடல் கடந்து, ஐஸ் ஹாக்கியிலிருந்து செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அணியைக் கொண்டுவருவார். (தூத்துக்குடியில் ஐஸ் என்பது மீன்பெட்டியில் அள்ளிப் போடும் பொருள். அதன்மேல் செருப்போடு ஏறினாலே திட்டு விழும். கத்தி கட்டிய காலோடு ஏறி ஓடுபவர்களும் உலகில் உண்டு என வாசகர் கொள்க.)

இந்த அணி 2018 நவம்பரில் மைக் யோவை நீக்கிவிட்டு, கிரெய்க் பெருபேயை இடைக்காலமாக வைத்தது. 2019 ஜூனில் ஸ்டான்லி கோப்பையையே தூக்கியது. இதற்கு என்ன சொல்கிறீர்?

தேதியைப் பாருங்கள் என்கிறேன். புதியவர் வந்து ஆறு வாரம் கழிந்து, 2019 ஜனவரி தொடக்கத்திலும் அந்த அணி 31 அணிகளில் கடைசியாகத்தான் கிடந்தது. அந்த ஜனவரியில்தான் ஜோர்டன் பின்னிங்டன் என்ற புது கோல்கீப்பர் முதன்முறையாக ஓர் ஆட்டத்தைத் தொடங்கினார். ஒரு கோல்கூட விடவில்லை. பார் நிரம்பியதா, மந்திரம் பலித்ததா? வாசகர் முடிவுக்கு விடுகிறேன். ஆனால் என் பக்கம் முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இதைவிடக் கனமான எதிர்வாதம் நம் வீட்டிலேயே இருக்கிறது. ஆண்கள் அணியிலிருந்து அனுப்பப்பட்ட அதே மரைனே, பெண்கள் அணியை டோக்கியோவில் முதன்முறையாக ஒலிம்பிக் அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அதே டோக்கியோவில் கிரகாம் ரீடின் ஆண்கள் அணி ஜெர்மனியை 5–4 என வென்று, 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் வாங்கியது. அப்படியென்றால் பயிற்சியாளரால் ஆவது ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது?

இங்கே இவ்வாய்வு சற்றுத் தடுமாறியது. பிறகு ஒன்று கண்ணில் பட்டது. டோக்கியோவுக்குப் போகையில் மரைனேவுக்கு அந்த அணியோடு மூன்று ஆண்டு ஆகியிருந்தது. ரீடுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல். இடையில் கொரோனா, முகாமைவிட்டு யாரும் வெளியே போக முடியாத காலம். வீட்டுக்கு அனுப்ப விமானம் ஓடாத நாட்களில்தான் அணி தேறியது என்பது என் கருதுகோள். பெருந்தொற்றைப் பரிந்துரைக்க மனம் வராததால் இதை மேலும் வளர்க்கவில்லை.

6. களப்பணி

கோவில்பட்டி கிருஷ்ணா நகர் செயற்கைப் புல் மைதானம். பையன்கள் பெனால்டி கார்னர் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கோட்டிலிருந்து பந்தைத் தள்ள, ஒருவன் வட்டத்தின் விளிம்பில் குச்சியைப் படுக்கவைத்து நிறுத்த, மூன்றாமவன் அடிக்க வேண்டும். நிறுத்துகிறவன் குச்சியில் பந்து ஒவ்வொரு தடவையும் துள்ளிப் போயிற்று. அடிக்கிறவன் வானத்தைப் பார்த்தான். பக்கத்தில் கடலை மிட்டாய் கடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் என் ஆய்வுத் தலைப்பைச் சொன்னேன்.

“கோச்ச மாத்துறது இருக்கட்டும் தம்பி,” என்றார். “பந்த நிறுத்துறதுக்கு ஆள் இருக்கா?”

பந்து ஏன் துள்ளுகிறது என்றால் அந்தப் பையன் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறான் என்றார். நாலு நாளாகப் பார்க்கிறாராம். நாளைக்கும் வருவாராம். அவர் எந்த அணிக்கும் எந்தப் பதவியிலும் இல்லை.

திரும்பும் வழியில் மச்சினன் இன்னொரு தரவைச் சேர்த்தான். முத்துக் குளிப்பவர் காலில் கல்லோடு இறங்குவார். ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சு. கயிறு அசைந்ததும் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை யாரிடம் கொடுப்பார்கள்? பெண்டாட்டியின் உடன்பிறந்தவனிடம் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். அக்கா தாலி அவன் கையில் இருக்கிறது; தூங்க மாட்டான். அவன் மந்திரம் ஓதுவதில்லை, சுறாவையும் பார்ப்பதில்லை. அத்தானின் மூச்சு எத்தனை நேரம் தாங்கும் என்பது அவனுக்குத் தெரியும். பல நாள் பிடித்ததால் தெரியும்.

மரைனேயும் ரீடும் செய்தது அதுதானோ என்று தோன்றியது. அவர்களைக் கடல்கட்டி வேலைக்குத்தான் எடுத்தார்கள். இருக்கவிட்டதால் கயிறு பிடிக்கப் பழகிக்கொண்டார்கள்.

7. சோதனையும் முடிவும்

கோட்பாடு மட்டும் போதாது. முத்துநகர் கடற்கரையில் இடுப்பில் கொடிக்கயிற்றைக் கட்டிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் நின்றேன். மறுமுனை மச்சினன் கையில். அப்போது அவனுக்குப் போன் வந்தது.

“அத்தான் தண்ணிக்குள்ள நிக்காவ… ஆமாக்கா, பேன்ட்டோடதான்.”

நான் கயிற்றை அசைக்கவேயில்லை. ஆனாலும் இரண்டே இழுப்பில் மணலில் கிடந்தேன். சுற்றுவட்டாரத்தில் கடல்கட்டி எவரும் இல்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்பது தடவை செய்தால்தான் சோதனை நிரூபணம் ஆகும் என்றேன். மச்சினன் கயிற்றைச் சுருட்டி என் தோளில் போட்டான்.

“அத்தான், நாளையில இருந்து எனக்கு ஹார்பர்ல ஒரு வாரம் பகல் ஷிஃப்ட். நீங்க வேற ஆளப் பாத்துக்கிடுங்க.”

ஆய்வு அப்போது நடுப்பருவத்தில் இருந்தது. வேறு ஆள் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரை ஒரு வாரம் தாமதமாக வருவதற்குக் காரணம் அதுதான்.