கைகசி உயிரோடுதான் இருந்தாள்

திருகோணமலையில் பிறந்தவனுக்குப் பிறவியோடு ஓர் உத்தியோகமும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து எந்தச் சொந்தக்காரர் வந்து இறங்கினாலும் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கதை சொல்ல வேண்டும். சம்பளம் கிடையாது. ஆட்டோக் காசும் பெரும்பாலும் நம்முடையதுதான். முப்பது வருஷமாகச் செய்துவருகிறேன். சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் கடலைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். போன ஆடியில்தான் ரொறன்ரோவிலிருந்து மச்சானின் மகள் வந்தாள். எட்டு வயது. தலையாட்டத் தெரியாத பிள்ளை.

கோட்டை வாசலிலேயே தொடங்கிவிட்டது. வாசல் கல்லில் இரண்டு மீன்களும் சிதைந்த சில எழுத்துகளும் இருக்கின்றன. குளக்கோட்டன் கட்டிய கோயிலைப் பறங்கி இடிப்பான், அவனுக்குப் பிறகு பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் என்று வரிசையாக வந்து ஆள்வார்கள் என்பது அதில் உள்ள தீர்க்கதரிசனம் என்பார்கள். எந்தக் கண் எந்த நாட்டுக்காரனுக்கு உரியது என்பதில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. 1782இல் மட்டும் ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஆகஸ்டில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். கொடியை ஏற்றி இறக்குவதற்கே நேரம் போதாதபோது கண்ணின் நிறத்தை எவன் நின்று பார்ப்பான்? இதை நான் விளக்கி முடிப்பதற்குள் கோட்டைப் புள்ளிமான் ஒன்று பிள்ளையின் கையிலிருந்த பணிசை வாயால் பறித்துக்கொண்டு போய்விட்டது. அதன் கண் என்ன நிறம் என்று அவள் கவனித்து வைத்திருந்தாள்.

மலை உச்சியில் இராவணன் வெட்டு. இங்கேதான் என் குரல் இயல்பாகவே கனத்துவிடும். இராவணனின் தாய் கைகசிக்கு உடம்பு சரியில்லை. கோணேசரைக் கும்பிட ஆசை, ஆனால் வர முடியாது. எனவே மகன் மலையையே பெயர்த்துக் கொண்டுபோகப் பார்க்கிறான். வாளால் ஒரே வெட்டு. பாறை பிளந்து நிற்கிறது, பாருங்கள்.

சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. வயதுபோன தாயைக் கோயிலுக்குக் கூட்டிவர மலையையா வெட்டுவார்கள்? ஒரு பல்லக்கு அனுப்பியிருக்கலாம். பல்லக்கு வேண்டாம், புஷ்பக விமானம் வீட்டில் சும்மாதானே நின்றது! ஆனால் இராவணனிடம் எனக்கு ஒரு கரிசனை உண்டு. சம்பந்தர் பாடும் பதிகங்களில் எட்டாவது பாட்டு பெரும்பாலும் அவனுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். மலையைத் தூக்குவான், கால்விரலால் அழுத்தப்படுவான், அலறுவான், பாடுவான், அருள் பெறுவான். இத்தனை தரம் நசுங்கியும் அடுத்த பதிகத்துக்குத் தவறாமல் வந்துவிடுகிற ஒரு பக்தனை வேறெங்கும் பார்க்க முடியாது.

“பிறகு?” என்றாள் பிள்ளை.

பிறகு விஷ்ணு ஒரு கிழப்பிராமணர் வேடத்தில் வந்தார். “உன் தாய் செத்துப்போனாள்” என்றார். இராவணன் மலையை விட்டுவிட்டு அழுதான். கிரியை செய்யத் தண்ணீர் வேண்டும். கிழவர் கன்னியாவில் தடியால் ஏழு இடத்தில் குத்தினார். ஏழு ஊற்று, ஏழும் வெந்நீர்.

“அவ உண்மையாவே செத்திட்டாவா, மாமா?”

“இல்லை.”

“அப்ப அவர் வீட்டை ஒருக்காப் போய்ப் பாக்கேல்லையா?”

“இல்லை.”

“பத்துத் தலை இருந்தும் ஒரு தலைகூட யோசிக்கேல்லையா?”

பக்கத்தில் கைகூப்பி நிற்கிற பத்துத்தலை இராவணன் சிலையைப் பார்த்தேன். பத்து முகங்களும் எனக்கு உதவ மறுத்தன. “பத்தும் ஒரே நேரத்தில அழுதுகொண்டிருந்திருக்கும்” என்று சமாளித்தேன். அவள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவ அப்பாச்சி. பொய்ச் செய்தியைக் கேட்டுக் கைகசி பிறகு உண்மையாகவே இறந்துபோனாள் என்று முடிப்பவர்கள் உண்டு. அப்பாச்சிக்கு அந்த முடிவு பிடிக்காது. அவவின் கைகசி அரண்மனைத் திண்ணையில் குந்திக்கொண்டு, “சோறு ஆறுது, இவனை இன்னும் காணேல்லை, எந்த மலையோட மல்லுக்கட்டுறானோ” என்று புறுபுறுத்தபடி இருப்பாள். மகன் மொட்டையடித்துக்கொண்டு வீடு திரும்புவான். தாயும் மகனும் வாசலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்த இடத்தில் அப்பாச்சி பொக்கைவாய் தெரியச் சிரிப்பா. புராணத்தில் அப்படியொரு வாசல் இல்லை. என்ன செய்வது, எனக்கு அந்த வாசல்தான் புராணம்.

கொஞ்சம் தள்ளி ஒரு பழைய கல்தூண். இடிந்த கோயிலின் தூண் என்பார்கள். அதிலும் ஒரு கதை இருக்கிறது. பிரான்சினா வான் ரேட என்ற ஒல்லாந்தப் பெண் தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிய காதலனைப் பார்த்தபடி இந்தப் பாறையிலிருந்து கடலில் பாய்ந்து செத்தாள். எத்தனையோ பேருக்கு நான் உருகி உருகிச் சொல்லியிருக்கிறேன். ஒரு மாமி மூக்கைச் சிந்தியே விட்டா. பிற்பாடு வாசித்தபோதுதான் தெரிந்தது: தூணில் வெட்டியிருந்தது அவள் பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற நாளும், பாய்ந்ததாக அதில் ஒரு சொல்லும் இல்லை. அதற்குப் பிறகும் அவள் உயிரோடு இருந்து கலியாணமும் கட்டியிருக்கிறாள் என்று ஒல்லாந்தர் பதிவுகளைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் பெடியன்கள் பாறையில் பெயின்ற் அடித்து இதயம் வரைந்துவிட்டுப் போவதுபோல, அந்தப் பிள்ளைக்கும் யாரோ பெயர் வெட்டிக்கொடுத்திருக்கலாம். நாங்கள் அவளைக் கடலில் தள்ளிவிட்டோம்.

இப்போது எண்ணிப் பார்த்தால் எங்கள் ஊரின் மரணச் செய்திகள் ஒன்றுகூட உருப்படியில்லை. 1620களில் போர்த்துக்கேயர் இந்தக் கோயிலை இடித்த கதையைக் கேளுங்கள். சித்திரை வருஷப்பிறப்பன்று சுவாமி ஊர்வலம் போன நேரம் பார்த்து, பிராமணர் வேடத்தில் உள்ளே நுழைந்தார்களாம். மறுபடியும் பிராமணர் வேடம்! இராவணனிடம் ஒரு தரம் பலித்த வித்தை எங்களிடமும் பலித்தது. ஒருவருக்கும் பழைய கதை நினைவுக்கு வரவில்லை. கல்லைப் பெயர்த்துக் கோட்டை கட்டினார்கள், மிச்சம் கடலுக்குள் போயிற்று, கோயில் செத்தது என்று எல்லோரும் எழுதி முடித்தார்கள். 1950இல் கிணறு வெட்டப்போனவர்களின் மண்வெட்டியில் சாமி சிலைகள் தட்டுப்பட்டன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் சுழியோடிக் கடலுக்குள் தூண்களைக் கண்டார்கள். விண்வெளிக் கதை எழுதுகிற மனிதர், எங்கள் ஊருக்கு வந்து தண்ணீருக்குள் கோயில் பார்த்துவிட்டுப் போனார்.

நானும் இந்த மரபில் வந்தவன்தான். ஒன்பதாம் வகுப்பில் உதைபந்தாட்டம் பார்க்கப் போவதற்காக அப்பாச்சி செத்துப்போனதாகக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த தவணையில் இன்னொரு தரமும் செத்தா. இரண்டாம் சாவுக்கு மறுநாள் சந்தையில் கணக்கு வாத்தியார் அவவைக் கண்டிருக்கிறார், கையில் சூடை மீனோடு. வீட்டில் பூவரசந் தடி முறித்து வைத்திருந்தார்கள். அப்பாச்சி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டா: “என்ன வருத்தத்தில செத்தனான்?”

“நெஞ்சு நோ.”

“முதல் தரம்?”

“அதுவும் நெஞ்சு நோ.”

“வேற வருத்தம் ஒண்டும் கிடைக்கேல்லையே உனக்கு?” என்றா. பிறகு, “செத்த வீடெண்டால் அந்தியேட்டி இருக்கு. முப்பத்தோராம் நாள் நீ கன்னியாவுக்குப் போகவேணும். ஏழு கிணத்துக்கையும் சூடு கூடினது எதெண்டு பாத்து அதில அள்ளு. எனக்குப் பச்சைத்தண்ணி ஒத்துவராது, மோனை.” அடி ஒன்றும் விழவில்லை. அது அடியைவிட மோசமாக இருந்தது.

இருபது வருஷம் கழித்து அவ போய்ச் சேர்ந்தா. இந்தத் தரமும் நெஞ்சு நோதான். கூடப் படித்தவன் ஒருவனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “டேய், இப்ப என்ன மட்ச்?” என்று கேட்டான். இரண்டு நிமிஷம் நானும் சிரித்துவிட்டுத்தான் அழுதேன். முப்பத்தோராம் நாள் கன்னியாவில் ஐயர் அவசரப்படுத்த அவசரப்படுத்த, வாளியை ஏழு கிணற்றிலும் ஒவ்வொன்றாக இறக்கிக் கைவிட்டுப் பார்த்தேன். பெரிய வித்தியாசமில்லை. நாலாவது கொஞ்சம் சுட்டதுபோல் இருந்தது.

அந்த நாலாவது கிணற்றடிக்கே மச்சானின் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். இடுப்பளவு ஆழமும் இல்லாத சதுரத் தொட்டி. அள்ளித்தான் குளிக்க வேண்டும். முதல் வாளியைத் தலையில் ஊற்றிக்கொண்டு கிறீச்சிட்டாள். இரண்டாவது வாளியின்போது அப்பாச்சி கதை முழுவதையும் சொன்னேன். மூன்றாவது வாளியைப் பாதியில் நிறுத்தி, சொட்டச் சொட்ட என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

“உங்கட அப்பாச்சி உண்மையாவே செத்திட்டாவா, மாமா?”

“இந்த முறை ஓம்” என்றேன்.

அவள் அதையும் முழுக்க நம்பினதாகத் தெரியவில்லை.