குதிரைப் பண்டிதர்

பட்டுத்தறி ஓடும் ஊர்களில் காணப்படும் மனித வகைகளுள் ‘டிப்ஸ்காரர்’ எனப்படுபவர், அதாவது பந்தயம் தொடங்குவதற்கு முன்பே எந்தக் குதிரை முதலில் வரும் என்று சொல்லிவிடுபவர், தனியாக வைத்து ஆராயத்தக்கவர். ஏனெனில் அவர் வாழும் ஊரில் பந்தய மைதானம் கிடையாது, பந்தயக் குதிரை கிடையாது, பணம் கட்டும் கவுன்டர் கிடையாது, பல சமயங்களில் கட்டுவதற்குப் பணமும் கிடையாது. ஆரணிப் பட்டு என்ற பெயரில் கடைக்குப் போகும் சேலைகளை நெய்யும் ஊர்களுள் ஒன்றான, திருவண்ணாமலை மாவட்டத்துப் பெரணமல்லூரில் இவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. டீக்கடை பெஞ்சில், செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் உருவி மடியில் வைத்துக்கொண்டு, ஏனைய பக்கங்களைப் பெருந்தன்மையோடு பிறருக்கு விட்டுக்கொடுத்து உட்கார்ந்திருப்பவர் யாரோ அவரே இவர். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். சட்டைப் பையில் இரண்டு பேனா. கையில் அரைக்குயர் நோட்டு. ஊரார் இவரை முகத்துக்கு நேரே ‘பண்டிதர்’ என்றும், எழுந்து போன பிறகு ‘குதிரை’ என்றும் குறிப்பிடுவர்.

இந்த வகையினர் பயின்ற பள்ளிக்கூடம் பெரும்பாலும் கிண்டிதான். சேலைக் கட்டோடு சென்னைக்குப் போன இளமைக் காலத்தில், தியாகராய நகரில் சரக்கை ஒப்படைத்துவிட்டு, ஊருக்குத் திரும்பும் பேருந்தைப் பிடிப்பதற்குப் பதிலாக மின்சார ரயிலேறிக் கிண்டியில் இறங்கியவர்களே பிற்காலத்தில் பண்டிதர்களாயினர். 1777-ஆம் ஆண்டிலேயே பந்தயம் தொடங்கியதாகச் சொல்லப்படும் அந்த மைதானத்தில், 1896-இல் அமைந்த மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் கம்பி வேலியோரம் நின்று இவர்கள் கற்ற கலைச்சொற்கள் இன்றுவரை மறக்கவில்லை. கட்டிய பணம் முழுவதையும் ஒன்றாகக் குவித்து, கிளப்பின் பங்கையும் வரியையும் கழித்துக்கொண்டு, மிச்சத்தை வென்றவர்களுக்குள் பங்கிடும் முறை ‘டோட்’. அடுத்தடுத்த ஐந்து பந்தயங்களிலும் வெல்லும் குதிரைகளைச் சொல்வது ‘ஜாக்பாட்’. ஒரே பந்தயத்தில் முதல் மூன்று இடங்களை வரிசை பிசகாமல் சொல்வது ‘டானாலா’. பன்னிரண்டு குதிரைகள் ஓடும் பந்தயத்தில் டானாலாவுக்கு 1,320 வரிசைகள் சாத்தியம் என்று பண்டிதர் மூச்சு விடாமல் கணக்குச் சொல்வார். தவறான 1,319 வரிசைகளோடுதான் தமக்கு அதிகப் பழக்கம் என்பதைச் சொல்லமாட்டார்.

இவர்மீது சூதாடி என்ற சொல் விழுந்தால் சட்டம் பேசத் தொடங்கிவிடுவார், அந்தச் சட்டமும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். 1974-இல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை ஒழிக்கச் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஜனவரியில், குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததன்று, பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்பாயிற்று. குதிரையின் வம்சம், அதன் பயிற்சி, ஜாக்கியின் கெட்டிக்காரத்தனம், இவற்றையெல்லாம் எடைபோடுவதற்கு வேண்டிய அறிவு ஆகியவற்றை மனத்தில் கொண்டு நீதிமன்றம் சொன்ன இந்த முடிவைப் பண்டிதர் தமக்கென்றே வழங்கப்பட்ட பட்டயமாக ஏற்றுக்கொண்டுவிட்டார். 2003-இல் லாட்டரி தடைசெய்யப்பட்டபோது, அதுவரை எதிர்ப் பெஞ்சில் அமர்ந்து கடைசி நம்பர் கணித்துக்கொண்டிருந்தவர் ஒரே நாளில் வேலையிழந்ததை அவர் துக்கத்தோடு பார்க்கவில்லை. நம்பருக்கு வம்சம் உண்டா, பயிற்சியாளர் உண்டா என்பது அவருடைய கேள்வி, கேள்வி நியாயமானதுதான்.

கிண்டியின் மாணவர் பிற்காலத்தில் சர்வதேச அறிஞராக மாறியதற்கு அரசாங்கங்களும் ஒரு காரணம். 2023 அக்டோபர் முதல் பந்தயத்தில் கட்டும் முழுத் தொகைமீதும் 28 விழுக்காடு சரக்கு, சேவை வரி என்று உறுதியாயிற்று. 2025 செப்டம்பரில் அது 40 விழுக்காடாக ஏறியது. இடையில், 2024 செப்டம்பரில், கிண்டியில் கிளப்புக்குக் குத்தகையாகத் தரப்பட்டிருந்த 160.86 ஏக்கரையும் மாநில அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது என்பதற்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு அமையாது. பண்டிதர் உள்ளூர்ப் பந்தயத்தைக் கைகழுவினார். மார்ச்சு மாதத்தில் துபாய், ஏப்ரலில் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல், ஜூனில் எப்சம் டெர்பி, அக்டோபரில் பாரிஸ் என்று அவருடைய பஞ்சாங்கம் இப்போது உலகைச் சுற்றி வருகிறது. இதில் வியப்பில்லை, கொழும்பில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்து மைதானங்களின் ஈரத்தைப் பற்றி வாதாடியவர்களும் தமிழர்களே, 2024 அக்டோபர் 5 அன்று சிங்கப்பூர் டர்ஃப் கிளப் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தியபோது நோட்டை மூடி வைத்தவர்களுள்ளும் தமிழர்கள் இருந்திருப்பார்கள்.

பண்டிதரின் ஆண்டுப் பெருவிழா ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பை. 1861 முதல் நடந்துவரும் இப்பந்தயம் நவம்பர் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமையில், 3,200 மீட்டர் தூரத்துக்கு, அதிகபட்சம் 24 குதிரைகளோடு ஓடுவது. அங்கே பிற்பகல் மூன்று மணி என்றால் இங்கே காலை ஒன்பதரை என்பதே இதன் தலையாய சிறப்பு; மற்ற பந்தயங்களெல்லாம் பெரணமல்லூரின் தூக்கத்திலோ சாப்பாட்டு நேரத்திலோ குறுக்கிட, இது ஒன்றுதான் இரண்டாவது டீயோடு வருகிறது. மேலும் இது ‘ஹாண்டிகேப்’ பந்தயம். அதாவது திறமை மிகுந்த குதிரையின் முதுகில் அதிக எடையும் குறைந்ததன் முதுகில் குறைந்த எடையும் ஏற்றி, எல்லாம் ஒரே நேரத்தில் எல்லைக்கோட்டுக்கு வந்து சேரும்படி செய்ய முயலும் ஏற்பாடு. இதற்கென்றே ஓர் அதிகாரி சம்பளம் வாங்குகிறார் என்பதை எண்ணிப் பார்த்தால், எது முன்னால் வரும் என்று சொல்வதைத் தொழிலாகக் கொண்ட பண்டிதரும், எதுவும் முன்னால் வரக்கூடாது என்பதைத் தொழிலாகக் கொண்ட அந்த அதிகாரியும் ஒருவரையொருவர் பார்க்காமலே வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டுவது புலப்படும். 1930-இல் ஏறக்குறைய 62.5 கிலோ சுமந்து வென்ற ஃபார் லாப் என்னும் புகழ்பெற்ற குதிரை, மறு ஆண்டு 68 கிலோ ஏற்றப்பட்டு எட்டாவதாக வந்த செய்தியைச் சொல்லும்போது பண்டிதரின் குரல் தழுதழுக்கும். செஞ்சியின் தேசிங்கு ராஜன் 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையிடம் வீழ்ந்ததையும் இதே நூலால் அவர் கட்டிவிடுவார்: பாராசாரி என்று கதைப்பாடல் போற்றும் அந்தக் குதிரையிடம் குறையே இல்லை, சிறு படை பெரும்படையை எதிர்த்ததில் எடைதான் சரியாகப் போடப்படவில்லை என்பது அவருடைய வரலாற்று முடிவு.

அரைக்குயர் நோட்டைத் திறந்தால், ஒவ்வொரு குதிரைக்கும் வம்சம், எடை, கடைசி ஐந்து ஓட்டங்களில் வந்த இடம், ஜாக்கி, புறப்படும் கதவு எண், தரையின் ஈரம் என்று கட்டம் கட்டி எழுதியிருக்கும். இதுவரை எல்லாம் முறையான ஆராய்ச்சி. கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு இல்லை. அங்கேதான் நெசவாளர் வெளிப்படுகிறார். ஒவ்வொரு குதிரை உரிமையாளருக்கும் தனித்தனி நிறச் சேர்க்கை உண்டு, ஜாக்கி அந்த நிறங்களில்தான் சட்டை போட வேண்டும். நாற்பதாண்டு காலம் பாவும் ஊடையும் பார்த்த கண் இந்தச் சட்டைகளைச் சும்மா விடாது. அரக்கு உடலுக்கு மாம்பழ மஞ்சள் கரை என்றால் அது உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வையில் நிற்கும், குதிரையும் நிற்கும். கிளிப்பச்சையில் ஊதா வட்டம் போட்டவன் கல்யாணக் கடையிலேயே தேறமாட்டான், மைதானத்தில் எங்கே தேறுவான் என்று அடித்துவிடுவார். ஆறு கட்டங்களின் ஆராய்ச்சியும் ஏழாவது கட்டத்தின் சட்டை நிறமும் முரண்படும்போது, அறிவியல்தான் விட்டுக்கொடுக்கும்.

கோப்பை நாளன்று அவர் முகம் ஊர்த்திருவிழாவில் உற்சவர் புறப்பாட்டுக்குக் காத்திருக்கும் அர்ச்சகரின் முகம்போல் இறுகியிருக்கும். “இன்னா மாமா, இன்னிக்கு எது?” என்று தறியை விட்டு எழுந்து வந்த இளைஞன் கேட்பான். “சொல்றேன், ஆனா வெளிய சொல்லாத” என்று பெஞ்சு முழுவதற்கும் கேட்கும் குரலில் தொடங்கி, பண்டிதர் முதலில் ஒரு பெயரைச் சொல்வார். அது ‘ஃபேவரிட்’, அதாவது அதிகம் பேர் பணம் கட்டியதால் கிடைக்கும் தொகை குறைந்துபோன குதிரை. பிறகு, “ஆனா கதவு நம்பர் சரியில்ல” என்று இரண்டாவது பெயர் வரும். “மழை பேஞ்சா மட்டும்” என்ற நிபந்தனையோடு மூன்றாவது. டீ முடிவதற்குள் அவர் ஒன்பது குதிரைகளை ஆசீர்வதித்திருப்பார். கைப்பேசியை பிஸ்கட் ஜாடிமேல் சாய்த்து வைத்து அனைவரும் குனிந்திருக்க, மூன்று நிமிடம் இருபது வினாடி அளவில் முடிந்துவிடும் அந்த ஓட்டத்தின் கடைசி இருநூறு மீட்டரில் அவர் தம்மையறியாமல் பெஞ்சைத் தட்டுவார். வெல்வது பெரும்பாலும் பத்தாவது குதிரை.

ஆயினும் இந்த வகையின் மேதைமை பந்தயத்துக்கு முன்னால் வெளிப்படுவதன்று, பின்னால் வெளிப்படுவது. 2015-இல் பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் என்ற குதிரை நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில், அதாவது ஒரு ரூபாய் கட்டியவனுக்கு நூறு ரூபாய் லாபம் என்ற நிலையில், மிஷேல் பெய்ன் என்ற பெண் ஜாக்கியோடு வென்றது; மெல்போர்ன் கோப்பையை வென்ற முதல் பெண் அவர். எவரும் எதிர்பாராத அந்த முடிவை விளக்கப் பண்டிதருக்கு ஒரு டீகூடத் தேவைப்பட்டிருக்காது: கை இலகுவாக இருந்தால் குதிரை கடைசிவரை மூச்சு வைத்திருக்கும், இது தெரிந்ததுதானே. 2024-இல் நைட்ஸ் சாய்ஸ் தொண்ணூறுக்கு ஒன்றில் வந்து, ஜப்பானிலிருந்து வந்த வார்ப் ஸ்பீடை மயிரிழையில் முந்தியபோது, ஜப்பான் குதிரையைத் தாம் சொல்லியிருந்ததால் அது வெற்றியைவிடப் பெருமைக்குரிய தோல்வி என்றாகிவிட்டது. “அந்த இன்னொண்ணு வரும்னு எனக்கு மனசுல பட்டுது.” “அப்ப ஏன் மாமா சொல்லல?” “நீ கேட்டியா?” இந்த மூன்றாவது வாக்கியத்துக்கு இன்றுவரை யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லை. உலகெங்கும் பந்தயங்களில் ஃபேவரிட் வெல்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை. ஆகவே எப்போதும் ஃபேவரிட்டையே சொல்லிக்கொண்டிருந்தால் பண்டிதர் இன்னும் நன்றாகத் தேறியிருப்பார். ஆனால் அதைச் சொல்வதற்கு ஒரு பண்டிதர் எதற்கு?

இவரை நம்பிப் பணம் இழந்தவர்கள் பெரணமல்லூரில் அதிகம் இல்லை. அதற்குக் காரணம் இழப்பதற்கு வழியில்லாமையே. ஒரு டீ, இரண்டு மசால் வடை என்பதே பெஞ்சில் ஓடும் உச்சவரம்பு. அதிலும் தோற்கிற கட்சியில் பண்டிதர் இருப்பதில்லை, ஏனெனில் அவர் பணம் கட்டும் வழக்கத்தை விட்டு நெடுங்காலமாகிறது. கிண்டிக் காலத்து ஒரு பருவமழையில் மனைவியின் கொலுசு போன இடத்தை ஊரறியும், அவரும் அறிவார், வீட்டில் அந்தச் சொல்லை உச்சரிப்பவர் யாருமில்லை. கைப்பேசியில் எவனோ பெயர் தெரியாதவன் அனுப்பும் ‘நிச்சய டிப்ஸ்’ செய்தியைக் காட்டி, ஆயிரம் ரூபாய் அனுப்பினால் முன்பே முடிவு செய்யப்பட்ட பந்தயத்தைச் சொல்வானாம் என்று கேட்கும் இளைஞர்களிடம் மட்டும் அவர் பண்டிதத்தனத்தைக் கழற்றி வைத்துவிடுவார். இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் மாநிலச் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்ததையும், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக 2025-இல் ஒன்றிய அரசு சட்டம் இயற்றியதையும் சொல்லி, “தெரிஞ்சவன் ஏன்டா ஆயிரத்துக்கு விக்கிறான், அவனே கட்டிச் சம்பாதிச்சுக்கலாமே” என்று கேட்டு விரட்டுவார். அவர் சொன்ன டிப்ஸ்களுள் இதுவரை தவறாத டிப்ஸ் இதுதான்.

நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பக்கம் போக நேர்பவர்கள் ஒன்பது மணிக்குள் போய்ச் சேர்ந்தால் பெஞ்சில் இடம் கிடைக்கும். குதிரையின் பெயரைக் கேட்கலாம், நோட்டையும் வாங்கிப் பார்க்கலாம். டீக்குக் காசை மட்டும் வந்தவர்கள்தாம் கொடுக்க வேண்டும்.