கொடுக்கப்போகிறவர்கள்

பில் கேட்ஸும் வாரன் பஃபெட்டும் 2010-இல் ஆரம்பித்து வைத்த உறுதிமொழி இது: கோடீஸ்வரர்கள் சொத்தில் பாதிக்கு மேல் தர்மத்துக்குத் தர வேண்டும். உயிரோடு இருக்கும்போது தரலாம், உயிலிலும் எழுதலாம். சொன்னபடி செய்யாவிட்டால் கேஸ் போட முடியாது. சட்டம் எட்டிக்கூடப் பார்க்காது. (2013-இல் கையெழுத்திட்ட அஸிம் பிரேம்ஜி நிஜமாகவே அள்ளிக் கொடுத்துவிட்டார். எல்லாக் கூட்டத்திலும் இப்படி ஒருவர் இருந்து நையாண்டியைக் கெடுப்பார்.)

நெய்வேலியில் நடைமுறை வேறு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தண்ணீருக்காகத் தன் நிலத்தைத் தோண்ட, கறுப்பாக ஏதோ வந்தது. பழுப்பு நிலக்கரி. மனிதர் 620 ஏக்கரைத் தூக்கி அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டார். கொடுக்கப்போவதாக அறிவிக்க வேண்டும் என்ற நாகரிகம் அப்போது வந்திருக்கவில்லை.

அவருக்குப் பின்னால் சுற்றுவட்டாரத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போன குடியானவர்களுக்கு உறுதிமொழிப் படிவமே தேவைப்படவில்லை. நோட்டீஸ் போதுமாக இருந்தது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பொக்லைன்கள் வாய்க்கால் வெட்ட வந்தபோது வயலில் நெற்பயிர் நின்றது. பச்சைப் பயிர் மண்ணோடு புரண்டது. நிலத்தை எப்போதோ வாங்கியாயிற்று என்றது சுரங்கத்தை நடத்தும் அரசு நிறுவனமான என்.எல்.சி. பாதி, முக்கால் என்ற கணக்கெல்லாம் இங்கே கிடையாது. அதுவும் உயிரோடு இருக்கும்போதே.