ஏழாம் நாள் வேலை

ஞாயிற்றுக்கிழமை உலா என்பது, வேலைக்குப் போகும் பெற்றோர் சம்பளமில்லாமல் பார்க்கும் ஏழாம் நாள் வேலை. சென்னையில் இதற்கு வாய்த்த களங்களுள் ஒன்று வண்டலூர் உயிரியல் பூங்கா. விடியற்காலையில் புளிசாதம் கிளறுவதில் தொடங்கும் பணி, ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் முதிர்ச்சி பெறுகிறது. 1985-இல் திறக்கப்பட்ட பூங்காவின் பரப்பு சுமார் 602 ஹெக்டேர். குழந்தை முதல் கால் மணி நேரம் நடந்தும், மீதியை அப்பாவின் தோளிலும் சுற்றிவரும். புலி நிழலில் உறங்கும். அதைப் பொறாமையோடு பார்க்கும் அம்மாவின் கைப்பேசியில் அலுவலகம் உறுமும். வீடு திரும்பியதும் குழந்தையின் நினைவில் நிற்பது பஞ்சுமிட்டாய் மட்டுமே. பிறகு சீருடைக்கு இஸ்திரி, மறுநாள் இட்லிக்கு மாவரைப்பு. பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. பெற்றோருக்கு அப்படியொரு கிழமை இன்னும் ஒதுக்கப்படவில்லை.