கிடா கறிக்கு எந்தப் புகை?

கேள்வி: ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடியில் கிடா வெட்டுகிறோம். வெளிநாட்டுக்காரர்களைப் போல கறிக்குப் புகை போட்டுப் பார்க்க ஆசை. அபூர்வமான விறகு ஒன்று சொல்லுங்களேன்!

பதில்: வைப்பாற்றுக்குள்ளேயே நிற்கிறதே, சீமைக்கருவேலம்! டெக்சாஸ்காரர்கள் மாட்டுக்கறிக்குப் புகை போடக் கொண்டாடும் மெஸ்கீட், இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி முறை.

விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இந்தக் கட்டையின் சூடு நன்றாகத் தெரியும். மரத்திலுள்ள லிக்னின் மெல்லக் கருகும்போது பிறக்கும் குவையகால், சிரிங்கால் போன்றவைதான் கறிக்குப் புகைமணம் தருகின்றன. விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கட்டை கங்காகி, புகை நீலம் பாரித்து மெலிந்த பிறகே கறியை மேலே வையுங்கள். குப்பென்று வெள்ளையாகக் கிளம்பும் புகையில் வைத்தால் கறி கசந்துபோகும். மெஸ்கீட் வகையின் மணம் கொஞ்சம் முரடு. பாதிக்குப் பாதி கொய்யாக் கட்டை சேர்த்தால் தணியும்.

அரளி பக்கமே போகாதீர்கள். வேர் முதல் பூ வரை நஞ்சு, புகையும் ஆகாது. சும்மா கிடைக்கிறதென்று பட்டாசு ஆலையின் பழைய மரப்பெட்டியை உடைத்து அடுப்பில் போடுவது அதைவிட ஆபத்து: மருந்துத்தூள் ஒட்டியிருந்தால் தீப்பிடித்துச் சீறும்.

உப்பும் மஞ்சளும் தடவி, மேல் ஈரம் வற்றிய துண்டுகளில்தான் புகை சீராகப் பிடிக்கும். எலும்பை ஒட்டிய சதை வரை வெந்ததா என்று பார்த்துவிட்டு இலையில் போடுங்கள்.