மச்சான் விட்ட தவணை

கே: கடன், கார்டு எல்லாம் தேதி தவறாமல் கட்டுகிறேன். சிபில் ஸ்கோர் 640தான் என்கிறார்களே, ஏன்? (வாசகர், கரூர்)

ப: மச்சானின் வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டீர்களா? அவர் தவணை விட்டால் அடி உங்கள் ஸ்கோருக்கும்தான். வண்டி அவருக்கு, வடு உங்களுக்கு! பழைய கார்டு பாக்கியைப் பேரம் பேசிக் குறைத்துக் கட்டியிருந்தால் ‘குளோஸ்டு’ என்று போட மாட்டார்கள். ‘செட்டில்டு’ என்றே பதிவாகும். அடுத்த வங்கி அதைப் பார்த்தாலே தயங்கும். 1 லட்சம் லிமிட்டில் மாதாமாதம் 90,000 தேய்த்தால், முழுசாகக் கட்டினாலும் ஸ்கோர் இறங்கலாம்.

முதலில் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்; ஆண்டுக்கு ஒரு முறை இலவசம். யாரோ வாங்கிய கடன் உங்கள் பான் எண்ணில் ஏறியிருந்தால் விடாதீர்கள், புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், ரிசர்வ் வங்கி விதிப்படி, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.