கப்பலில் வந்த கேஷியர்கள்

1914 டிசம்பர் 17, பிற்பகல். ஹைட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் தேசிய வங்கிக்குள் எட்டுப் பேர் நுழைந்தார்கள். 5 லட்சம் டாலர் தங்கத்தை மரப்பெட்டிகளில் எடுத்து வந்து, வண்டியில் ஏற்றி, மச்சியாஸ் என்ற போர்க்கப்பலில் சேர்த்தார்கள். வழிநெடுகச் சாதாரண உடையில் காவல். முகமூடி மட்டும் இல்லை. அது கொள்ளைக்காரர்களுக்குத்தானே வேண்டும்? வந்தவர்கள் அமெரிக்க மரைன் படையினர். தங்கம் நியூயார்க் போய் நேஷனல் சிட்டி வங்கியின் பெட்டகத்தில் பத்திரமாக இறங்கியது. இன்று சிட்டி வங்கி என்கிறோமே, அதே வங்கிதான்.

தன் காகிதப் பணத்தைச் சீராக்க ஹைட்டி ஒதுக்கி வைத்திருந்த தங்கம் அது. பக்கத்து வீட்டுக்காரன் உங்கள் நகைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், "உங்க வீட்ல எப்பப் பாரு சண்டை, எங்க பீரோவுல இருந்தா பத்திரம்" என்றால் எப்படி இருக்கும்? ஹைட்டியின் எதிர்ப்புக்கு வாஷிங்டன் தந்த விளக்கமும் ஏறக்குறைய அதுதான்.

ஹைட்டிக்கு இதெல்லாம் பழகிப்போனது. அடிமைகள் எழுந்து நெப்போலியன் படையைத் துரத்தி 1804இல் நாடு கண்டார்கள். 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களோடு வந்து 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கேட்டது. சாட்டையடி பட்டவர்களுக்கு அல்ல, சாட்டையை இழந்தவர்களுக்கு. பிறகு மனமிரங்கி 9 கோடியாகக் குறைத்தார்கள். 1880இல் ஹைட்டிக்கு ஒரு தேசிய வங்கியும் அமைந்தது. முதலாளிகள் பாரிஸில், லாபமும் பாரிஸுக்கு. அரசு தன் பணத்தைப் போட்டாலும் கமிஷன், எடுத்தாலும் கமிஷன்.

இவ்வளவு நல்ல தொழிலைப் பிரெஞ்சுக்காரர்களிடம் மட்டும் விட்டுவைக்கலாமா? 1910இல் வங்கி புதுப்பிக்கப்பட்டபோது நேஷனல் சிட்டி பங்கு வாங்கி உள்ளே வந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறையே முன்னின்று தரகு பார்த்தது. வங்கியின் துணைத் தலைவர் ரோஜர் ஃபார்ன்ஹாம், ஹைட்டி ரயில் கம்பெனிக்கும் தலைவர். வெளியுறவு அமைச்சர் பிரையனுக்கு ஹைட்டியைப் பற்றிப் பாடம் எடுத்தவரும் அவரே. கடன் கொடுத்தவரே சாட்சி, அவரே மத்தியஸ்தர், ஜப்தி செய்ய அவர் பின்னால் ஒரு கடற்படை.

அரசுக்குத் தரவேண்டிய முன்பணத்தை வங்கி நிறுத்தும். அரசு தள்ளாடும். தள்ளாடுகிற அரசை நம்பி எப்படித் தொழில் செய்வது, படை அனுப்புங்கள் என்று வங்கி வாஷிங்டனில் போய்க் கண்ணைக் கசக்கும். 1915 ஜூலை 28 அன்று ஹைட்டி அதிபர் கியோம் சாமைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அன்றே மரைன்கள் கரையிறங்கினார்கள். திரும்பக் கப்பலேற 19 ஆண்டுகள் ஆயின.

வெளிநாட்டான் நிலம் வாங்கக் கூடாது என்று அந்த நாடு பிறந்த காலத்திலிருந்தே தடை இருந்தது. தடையை நீக்க ஹைட்டி நாடாளுமன்றம் மறுத்தது. 1917இல் நாடாளுமன்றத்தையே கலைத்தார்கள். மறு ஆண்டு, படைகளின் பார்வையில் மக்கள் வாக்கெடுப்பு. எதிர்த்து விழுந்த வாக்குகள் ஆயிரத்தைத் தொடவில்லை. அவ்வளவு பேருக்காவது துணிச்சல் இருந்ததே.

நிதி ஆலோசகராக வந்து உட்கார்ந்தவர் ஜான் மெக்கில்ஹென்னி. டபாஸ்கோ மிளகாய் சாஸ் குடும்பத்து வாரிசு. வெளிநாட்டுப் பணத்தை நாட்டுக்குள் கொண்டுவரும் உரிமை உள்பட வங்கி கேட்ட சலுகைகளுக்கு ஹைட்டி தலையாட்டவில்லை. 1920 ஆகஸ்டில் அவர் அதிபருக்கும் அமைச்சர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தினார். ஆமாம், ஒரு குடியரசின் தலைவருக்கு! சொந்த நாட்டுக் கஜானாவிலிருந்து வரவேண்டிய சம்பளத்தை, ஒரு தனியார் வங்கியின் லாபத்துக்காக, சாஸ் விற்ற குடும்பத்துப் பிள்ளை பிடித்து வைத்துக்கொண்டார். மிளகாயை எங்கே தடவினால் எரியும் என்று தொழில் தெரிந்தவருக்குத் தெரியாதா?

1922இல் ஹைட்டியின் தேசிய வங்கி முழுதாக நேஷனல் சிட்டியின் கைக்குள். அதே ஆண்டு, பழைய கடனை அடைக்க 1.6 கோடி டாலர் புதுக்கடன். தவணை 30 ஆண்டு. வேண்டுமா என்று மக்களைக் கேட்க நாடாளுமன்றம் ஏது?

சிரித்தது போதும். சாலை போடுவதற்காகக் கிராமத்து ஆண்களைக் கயிற்றால் பிணைத்து இழுத்துப் போனார்கள். தங்கள் சங்கிலியைத் தாங்களே அறுத்து ஒரு நாட்டை எழுப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். எதிர்த்துக் கிளம்பிய ஷார்லமாஞ் பெரால்ட்டை 1919இல் சுட்டுக்கொன்று, பிணத்தை ஒரு கதவில் கட்டி நிறுத்திப் படமெடுத்து ஊர் ஊராக விநியோகித்தார்கள். கொல்லப்பட்ட ஹைட்டியர்கள் 3,250 பேர் என்பது மரைன் படைத் தளபதி பார்னெட்டே தந்த கணக்கு. வங்கியின் ஐந்தொகையில் இவர்களை எந்தப் பக்கம் எழுதினார்கள்? எந்தப் பக்கமும் எழுதவில்லை. செத்தவனுக்கு வட்டி போட முடியாதல்லவா?

மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் ஸ்மெட்லி பட்லரைக் கேளுங்கள். 1917இல் துப்பாக்கியோடு போய் அந்த நாடாளுமன்றத்தைக் கலைத்த மரைன் அதிகாரி அவர்தான். ஓய்வு பெற்ற பிறகு, 1935இல், தன்னைப் பெருமுதலாளிகளின் அடியாள் என்று பத்திரிகையில் தானே எழுதினார். நேஷனல் சிட்டி வங்கி தோதாக வசூல் செய்ய ஹைட்டியையும் கியூபாவையும் பதமாக்கிக் கொடுத்ததாகவும் ஒப்புக்கொண்டார். ஞானோதயம் பென்ஷனுக்குப் பிறகுதான் வருகிறது.

தேசிய வங்கி என்று தன் பெயரில் இருந்த வங்கியை ஹைட்டி அதே 1935இல் நேஷனல் சிட்டியிடமிருந்து விலை கொடுத்து வாங்கியது. துப்பாக்கிக்காரர்கள் முந்தின ஆண்டே ஊருக்குப் போய்விட்டார்கள். கணக்குப்பிள்ளைகள் மட்டும் போகவில்லை. 1922இல் வாங்க வைத்த கடனுக்காக, 1947 வரை ஹைட்டியின் வரவு செலவை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.